பவுனுக்கு நாற்பது நாள்

பிரசவ ஆஸ்பத்திரியின் பின்சுவரில் நான்கு செங்கல்லைப் பெயர்த்து அவர் ஓட்டை போட்டது, நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில். சர்க்கார் சுவர். ஓடிப்போய்ச் சத்தம் போட்டேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன.

"சுத்திகினு வர்றதுக்குள்ள நேரமாய்டுது நர்சம்மா. அவசரம்னா இன்னா பண்றது? இனிமே இப்டியே கூப்டுக்கலாம்."

"யாரு யாரைக் கூப்பிட?"

"நானு உன்னெ. வேற யாரு?"

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. பட்டணத்து வடகோடியில், டோல்கேட்டுக்குக் கொஞ்சம் வடக்கே, பெரிய ரோட்டிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு சந்தில், ஆறு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி அது. லேடி டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நானும் ஓர் ஆயாவும்தான். எனக்கு இருபத்தாறு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மருத்துவச்சிப் படிப்பு முடித்து வந்தவள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய பன்றிக் கொட்டில்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பட்டாளத்துக்காரர்கள் விற்றுவிட்டுப் போன காக்கி அரை நிஜார் ஒன்றை வருஷம் முழுவதும் போட்டிருப்பார். ராயபுரத்து ரொட்டிக்கடைகளிலும் ஓட்டல்களிலும் மிஞ்சியதைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து, பெரிய பீப்பாயில் வேக வைத்துப் பன்றிகளுக்கு ஊற்றுவார். கப்பல்களுக்கு மாமிசம் கொடுக்கிறவர்கள் வந்து வளர்ந்த பன்றிகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். அது அவருடைய பிழைப்பு. மனசு இருந்தது குட்டி போடுகிற நான்கு தாய்ப் பன்றிகளிடம். அந்த நான்கிலும் பவுனு என்று ஒன்று.

ஊருக்கெல்லாம் ஒரு சட்டம் என்றால் அவருக்கு வேறு சட்டம். குட்டி போட்டு, பால் கொடுத்துக்கொண்டிருக்கும் எதுவாயிருந்தாலும் அதுதான் அந்தச் சமயத்தில் ராணி. மற்றவர்கள் எல்லோரும் வாசலில் நிற்க வேண்டியவர்கள். இந்தச் சட்டத்தை அவர் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்து நடந்துகொள்வார். எரிச்சலே அங்கேதான்.

ஓட்டை வழியாக முதல் தடவை அவர் கூப்பிட்டது ஒரு மத்தியானம். கட்டிலில் ஒரு பெண் தலைப்பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நர்சம்மா! கொஞ்சம் லோஷன் குடேன். பவுனுக்கு வலி எடுத்துகிச்சி."

"இங்க ஒரு மனுஷி வலியில கிடக்கா! போங்க அண்ணாச்சி!"

"இன்னாது, அண்ணாச்சியா? நானு இன்னா மளிகக் கடயா வச்சிக்கிறேன்?"

எங்கள் ஊரில் அது மரியாதைச் சொல். அவருக்கு அது சிரிப்பு. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. "அந்தப் பொண்ணுக்கு எப்ப எடுத்துச்சி வலி? காலீலயா? அப்ப நேரம் கீது. தொந்தரவு பண்ணாத, அது பாட்டுக்கு கெடக்கட்டும்" என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் புண் கழுவும் லோஷனை ஒரு பாட்டிலில் ஊற்றிச் சுவர் ஓட்டையில் திணித்தது அவர் வாயை அடைப்பதற்காக. சாயங்காலம் குரல் மறுபடியும் வந்தது. "பதினொண்ணு நர்சம்மா! அங்க?"

"ஒண்ணு," என்று கட்டிலில் இருந்தவள் எனக்கு முன்னால் பதில் சொன்னாள். ஈன சுரத்தில் சிரிக்கவும் செய்தாள். "ஒண்ணுக்கே உசுரு பூட்ச்சி. பதினொண்ணாமே!"

குட்டி போடுவதற்கு ஒரு நாள் முன்னால் தாய்ப் பன்றி தனக்குப் படுக்கை கட்டும். ஓலை, வைக்கோல், சாக்கு, எது கிடைத்தாலும் வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு வந்து மூலையில் குவிக்கும். இது எனக்குத் தெரிய வந்தது, கொடியில் காயப் போட்டிருந்த குழந்தைத் துணிகள் ஒன்பது காணாமல் போன அன்று. அவருடைய மற்றொரு பன்றி வேலிச் சந்து வழியாக நுழைந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. நான் நேரே கொட்டிலுக்குப் போனேன். துணிகள் வைக்கோலோடு வைக்கோலாகக் கிடந்தன. அதன் மேல் அது படுத்திருந்தது.

"எடுத்துக் குடுங்க."

"எப்டி எட்துக் குடுக்கிறது? அது கட்டுன வூட்ட நானு பிரிக்கிறதா? நாளைக்கி போடப் போவுது. இப்ப கைய வச்சா ரோசம் வந்துடும் அதுக்கு."

"அது ஆஸ்பத்திரித் துணி!"

"அதான் சுத்தமா கீதுன்னு எட்துகினு வந்துக்கிது," என்றார், அந்தப் பன்றியைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே.

துணி காணாமல் போனதற்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தில் 'பலத்த காற்று' என்று எழுதினேன். அந்த மனிதருக்காக நான் எழுதிய முதல் பொய்.

மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் அதற்கு அடுத்த கூத்து. அவர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மாப்பிள்ளை ஊர்வலம் காலை பத்து மணிக்கு பாண்டு வாத்தியத்தோடு எங்கள் சந்துக்குள் நுழைந்தது. சந்தின் நடுவில் இவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பவுனு குட்டி போட்டு இரண்டாம் நாள். அதற்கு முந்தின ஈற்றில் எங்கோ வெடித்த வெடிச் சத்தத்துக்கு மிரண்டு துள்ளி எழுந்து, மூன்று குட்டிகளை மிதித்துவிட்டது. வெறி அடங்காமல் ஒன்றைக் கடித்தும் விட்டதாம். இப்போது மேளம் கேட்டால் மறுபடியும் அப்படித்தான் ஆகும் என்றார்.

மளிகைக்கடைக்காரர் வியர்த்து வழிய என்னிடம் ஓடி வந்தார். "நர்சம்மா, நீங்க நம்மூருப் பிள்ள. அந்த ஆளுட்ட நீங்களாவது சொல்லப்பிடாதா? பன்னிக்குப் பயந்து மேளத்த நிறுத்துனேன்னா நாளைக்கி என்னை எவன் மதிப்பான்?"

நியாயம் முழுவதும் கடைக்காரர் பக்கம். நான் வெளியே போய், "வழியை விடுங்க" என்றேன்.

அவர் கையை இறக்கவில்லை. "உன் ஆஸ்பத்திரியில பெத்துப் போட்டவ படுத்துகினு கீறா. அவ தலமாட்டுல இவனுங்க அட்ச்சிகினு போவட்டும்ன்றியா?"

அன்று விடியும்போது பிரசவமான ஒருத்திக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது உண்மை. அப்போதுதான் கண் அசந்திருந்தாள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல நினைத்தேனோ தெரியாது, வந்தது இதுதான்: "ஆஸ்பத்திரி முன்னால மேளம் அடிக்கக் கூடாது."

பட்டுச்சட்டை போட்ட மாப்பிள்ளையும் நூறு பேரும் சந்து முழுவதும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க நடந்து போனார்கள். இழவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தக் கடையிலிருந்து எனக்கு வந்த பருப்பில் பாதி கல்.

கட்டில் விஷயத்தில்தான் என் பொறுமை போனது. ஒரு இரும்புக் கட்டில் கால் ஒடிந்து பின்கட்டில் கிடந்தது. மேலதிகாரி வந்து பார்த்து, கணக்கிலிருந்து நீக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது. அதிகாரி வந்த நாளில் பார்த்தால் கட்டிலின் கம்பிகள் இல்லை. வெறும் சட்டம்தான் கிடந்தது. பொறுப்பில்லாதவள் என்று எனக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டுப் போனார் அவர். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் முடியவில்லை.

கம்பிகள் எங்கே போயிருக்கும் என்று கேட்கவே தேவையில்லை. கொட்டிலில் பவுனு இருந்த அறையில், மூன்று சுவரின் ஓரமாகவும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பதித்திருந்தார். குட்டிகள் பிறந்து நான்கு நாள். அவர் அவற்றின் முன்னால் குந்தியிருந்தார்.

"திருட்டுத்தனம் இல்லையா இது? என் வேலையே போயிருக்கும்!"

"பாரு, பாரு," என்று என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

பவுனு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிச் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்தது. அவ்வளவு பெரிய உடம்பு கால் மடங்கித் தொப்பென்று சரிந்தது. சுவரோரமாக ஒரு குட்டி நின்றுகொண்டிருந்தது, என் முன்கை நீளம்கூட இல்லை. எனக்குத் தொண்டையில் சத்தம் வந்துவிட்டது. பன்றியின் முதுகு கம்பியில் இடித்து நின்றது. கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சாண் இடத்தில் குட்டி நின்று காதை ஆட்டியது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓரமாகவே நடந்து வெளியே வந்தது.

"போன தபா மேளம் இல்லாமயே நாலு குட்டி இப்டித்தான் நசுங்கிப் பூட்ச்சி. அது வேணும்னா பண்ணுது? ஒடம்பு கனமா கீது, எடம் இல்ல. காலு அசதி. பெத்தவளப் போயி நானு இன்னான்னு திட்றது?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கம்பி வேணுமா? எட்துக்கோ."

எடுத்துக்கொண்டா வர முடியும்? கம்பி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது என்று மெமோவுக்குக் கொடுத்த பதிலில் இரண்டாவது பொய் எழுதினேன்.

மெமோ உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கோடையில் ஈ வேறு பெருகியது. ஓட்டல் மிச்சத்தை ஊறப் போடும் அவருடைய குழியிலிருந்து எழும்பி நேரே வார்டுக்கு வரும். ஒரு நாள் லேடி டாக்டர் ஒரு சிசுவின் கண்ணோரத்திலிருந்து இரண்டு ஈயை ஓட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று மத்தியானம் உட்கார்ந்து சுகாதார இன்ஸ்பெக்டருக்குப் புகார் எழுதினேன். ஈ, நாற்றம், சுவரில் ஓட்டை, எல்லாம் எழுதினேன். எழுதுகிற வேகத்தில், 'இத்தகைய அசுத்தப் பிராணிகளைத் தாய்மார்களும் சிசுக்களும் இருக்கும் இடத்தின் அருகில் வைத்திருப்பது' என்றும் எழுதினேன். அந்த வாக்கியம் எனக்கு அப்போது பிடித்திருந்தது.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஐந்து நாளில் காலி செய்ய வேண்டும். பவுனு வயிறு தரையைத் தொட நிறைசினையாக இருந்த சமயம் அது.

அவர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு யாரிடம் வந்தார்? என்னிடம்தான். இந்தத் தடவை ஓட்டை வழியாக வரவில்லை. சட்டை போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தார். அவர் சட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை.

"எவனோ எழ்திப் போட்டுக்கிறான் நர்சம்மா. போகட்டும். நானு போறேன். ஆனா அஞ்சி நாள்ல எங்க போவேன்? இப்பவோ அப்பவோன்னு கீது அது. வண்டியில ஏத்துனா வழியிலயே போட்டுடும், இல்ல செத்துடும். பெத்து நாப்பது நாளு குடுக்கச் சொல்லு. குட்டிங்க தீனி திங்கக் கத்துக்கும். அப்பால நானே போய்டுவேன். நீ படிச்சவ. நல்லா எழ்திக் குடு."

என் மேஜையில் உட்கார்ந்து, என் பேனாவால், என் புகாருக்கு எதிராக நானே மனு எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று, "குட்டிக்கு பாலு வேணும்னு எழ்துனியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எழுதினேன் எழுதினேன் என்று எரிந்து விழுந்தேன். அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

மனுவைத் தந்து அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், "நீயும் வா. அங்க இங்கிலீசுல பேசுவானுங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இன்ஸ்பெக்டர் ஒல்லியான, நிதானமான மனிதர். மனுவைப் படித்தார். ஒரு கட்டைப் பிரித்து இன்னொரு காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே?"

அவர் புகாரை எடுத்து, தமிழில், ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தார். அசுத்தப் பிராணிகள் என்ற இடத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முடித்துவிட்டு, "இதுவா, அதுவா? எதை நான் எடுத்துக்கிறது?" என்றார்.

என் பக்கத்தில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஈ வருது சார். அது நெஜந்தான். இந்தம்மா பொய் எழ்தாது. ரெண்டாவதா எழ்துனதும் நெஜம். நாப்பது நாளு குடு."

பொய் எழுதாதாம்! அவருக்காக நான் எழுதிய இரண்டு பொய்யும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன.

இன்ஸ்பெக்டர் நாற்பது நாள் கொடுத்தார். குழியை மூடி வைக்க வேண்டும், தினமும் சுண்ணாம்பு போட வேண்டும் என்றார். வெளியே வந்ததும் நான், "அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தேன். "வைக்கோலு வாங்கணும். நீ போ," என்று ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

அந்த நாற்பது நாளும் அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டை வழியாக வழக்கம்போல லோஷன் கேட்டார், பஞ்சு கேட்டார். பவுனு பன்னிரண்டு போட்டது என்று சொன்னார். குழியை மூடினார். சுண்ணாம்பு போட்டார். ஈ குறைந்தது. நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அவருக்கு வேலை வந்துவிடும்.

ஒரு நாள் அவர் கூப்பிடாமல் நானாகவே கொட்டிலுக்குப் போனேன். பன்னிரண்டில் ஒன்று நோஞ்சான். மற்றவை தள்ளிவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தன. முன்பக்கக் காம்பில்தான் பால் அதிகம் என்று அவர் அதைத் தூக்கி முதல் காம்பில் வைப்பார். பலசாலி ஒன்று வந்து இடித்துத் தள்ளிவிடும். "நான் பிடிச்சிக்கிறேன், நீங்க மத்ததப் பாருங்க" என்று குனிந்தேன்.

"கைய கழுவிகினு வா," என்றார்.

மருத்துவச்சியிடம்! ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவுகிறவளிடம்! பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்தேன். பத்து நாள், நேரம் கிடைத்தபோதெல்லாம் போய் அந்த நோஞ்சானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது தேறியது.

நாற்பதாம் நாள் காலையில் இன்ஸ்பெக்டர் ஆபீஸ் ஆள் வந்தபோது கொட்டில் காலி. மற்ற பன்றிகளை முன்பே கொண்டுபோய் விட்டுவிட்டு, குட்டிகளைக் கூடைகளில் வைத்துக் கைவண்டியில் ஏற்றி, பவுனுவைப் பக்கத்தில் நடத்திக்கொண்டு புறப்பட்டிருந்தார். காத்திவாக்கத்தில் உப்பங்கழி ஓரம் அவருடைய மச்சானுக்கு மணல் மேடு ஒன்று இருந்தது. தாய்க்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் வழியில் மரநிழலில் நிறுத்தி, குட்டிகளை இறக்கிப் பால் குடிக்க விட்டுவிட்டு, சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தாராம். பெரிய ரோட்டில் ஜட்காக்காரர்கள் கத்தியதைப் பற்றிப் பிறகு பல பேர் சொன்னார்கள். என்னிடம் அவர் சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து அம்மை குத்துவதற்குக் காத்திவாக்கம் பக்கம் அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் விசாரித்துக்கொண்டு மணல் மேட்டுக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

பவுனு ஓலைக் கூரைக்குக் கீழே படுத்திருந்தது. அடுத்த ஈற்று. அவர் என்னைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்தார். "பேசாத. பாலு இறங்குற நேரம். அர நிமிசந்தான் வரும், பேசுனா நின்னு பூடும்." வெயிலில் நின்றேன். உறுமல் வேகமாகி, குட்டிகள் வாலை விறைத்துக் குடித்து, உறுமல் அடங்கியது.

"அந்தப் புகார் நான்தான்..." என்றேன்.

"தெரியுமே. அந்தாளுதான் படிச்சானே."

"என் மேல கோபம் இல்லையா?"

"ஈயின்னு எழ்துன, நாத்தம்னு எழ்துன. அது சரி. அசுத்தப் பிராணின்னு ஒண்ணு எழ்துனியே, அது ஏன்? குட்டி படுக்கிற எடத்துல பவுனு ஒரு நாளு வெளிக்கிப் போயி நீ பாத்துக்கிறியா? மூலைக்குத்தான் போவும். பெத்த அன்னிக்கே, நிக்க முடியாம மூலைக்கிப் போவும். நீ பத்து நாளு வந்து குந்துனியே, பாக்கல?" பவுனுவின் முதுகில் கையை வைத்தார். "அந்த வார்த்தய அட்ச்சிடு."

"அது ஆபீஸ் பைல்ல இருக்கு. முடிஞ்சுபோன விஷயம். இனிமே எப்படி அடிக்கிறது?"

"போயி அட்ச்சிட்டு வா," என்றார், லோஷன் கேட்கிற அதே குரலில்.

ரயிலில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள், வேறு வேலையாகப் போனவள் போல, இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். கிளார்க் அரை மணி நேரம் தேடி, தூசியைத் தட்டிக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். நான் பேனாவைத் திறந்ததும், "ஐயையோ, என்னம்மா செய்றீங்க!" என்றார். அதற்குள் அடித்துவிட்டேன். ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டு, தேதியும் எழுதினேன்.

அடுத்த தடவை காத்திவாக்கம் போனபோது, "அடிச்சிட்டேன்" என்று சொன்னேன். அவர் பீப்பாயைக் கிண்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"அதுக்கா இத்தினி நாளு?" என்றார்.